தலையில் அடி, தலைசுற்றல்: வாசகர் கேள்விகள்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் மின்விசிறியோடு வீடே சுற்றுகிறது. ஏன்?
- வாசகி, கும்பகோணம்

ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். உங்கள் தொல்லை அதில் தெரியாது. உள்காதில் மணலைவிடப் பொடியான கால்சியம் துகள்கள் ஒரு சவ்வில் ஒட்டியிருக்கும். அடிபட்ட அதிர்வில் சில உதிர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழலுக்குள் போய்விடும். நீங்கள் புரளும்போது அவை நகர்ந்து குழலிலுள்ள நீரைத் தள்ள, தலை நின்ற பின்னும் 'சுற்றுகிறது' என்றே மூளைக்குச் செய்தி போகிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தலையை 45 டிகிரி திருப்பிப் பிடித்து, சட்டென மல்லாக்கப் படுக்கவைப்பார். சில நொடிகளில் கருவிழிகள் துடித்துச் சுழலும். எந்தக் காது என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகு, அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைக் குழலிலிருந்து வெளியேற்றுவார். சில நிமிட வேலைதான். அடிபட்டு வந்த தலைசுற்றலுக்கு இதைச் சிலமுறை செய்ய வேண்டியிருக்கலாம், மனம் தளராதீர்கள். கழுத்திலும் வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை போடுகிறேன். தள்ளாட்டம் போகவில்லையே?
- வாசகர், திருநெல்வேலி

இதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. அந்த மாத்திரைகளில் பல முதல் சில நாட்களுக்கானவை. தடுமாற்றத்தை உணர்ந்து உணர்ந்துதான் மூளை சமநிலையை மீண்டும் கற்கும். மாத்திரை அந்த உணர்வையே மழுங்கடிக்கிறது. மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள். பிசியோதெரபிஸ்ட் கண்-தலைப் பயிற்சி கற்றுத்தருவார். கட்டைவிரல் நகத்தில் 'அ' என்று எழுதி, கையை நீட்டி, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் 'இல்லை' என்பதுபோல் தலையை ஆட்ட வேண்டும். எழுத்து கலங்கினால் வேகத்தைக் குறையுங்கள். லேசாகச் சுற்றினால் பயப்படாதீர்கள், அது இருக்கத்தான் செய்யும்.

ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாலே மயக்கம் வருகிறது. மனப்பிரமை என்கிறார்கள் வீட்டில்.
- வாசகி, மதுரை

பிரமை இல்லை. சமநிலைக்குக் காதை நம்ப முடியாதபோது மூளை கண்ணையே பிடித்துக்கொள்கிறது. அடுக்கிய புடவைகளும் நகரும் கூட்டமும் அந்தக் கண்ணைக் குழப்பிவிடுகின்றன. வீட்டிலேயே முடங்காமல், கூட்டமில்லாத நேரத்தில் பத்து நிமிடம் போய் வாருங்கள். மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

அப்பாவுக்கு 70 வயது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நேற்றுக் குளியலறையில் விழுந்து தலையில் அடி. இன்று தூங்கிக்கொண்டே இருக்கிறார். பயிற்சி செய்யலாமா?
- வாசகர், சேலம்

இவரைக் கடிதம் கிடைத்த உடனேயே போனில் அழைத்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றே ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். எந்த வயதிலும் தூக்கக் கலக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் கசிவு என ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.