17 வயது மகன் வண்டியால் ஒருவரை இடித்துவிட்டான். லைசென்ஸ் உள்ள சித்தப்பா ஓட்டியதாகச் சொல்லிவிடலாமா?

கூட்டாளிகள் உசுப்பேற்றியதில் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பறந்திருக்கிறான். மீன்பாடி வண்டிக்காரர் கால் முறிந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "பையன் எதிர்காலம் போயிடும், சித்தப்பா ஓட்டினதா எழுதிக் கொடுத்துடலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இதுதானே நீங்கள் கேட்டது?

வேண்டாம். நியாய அநியாயத்தை விடுங்கள், கணக்கே உதைக்கிறது.

18 வயது ஆகாதவன் 2015 இளைஞர் நீதிச் சட்டத்துக்குள் வருவான். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விசாரணை சென்னை கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும். எச்சரித்து அனுப்பலாம், கவுன்சிலிங் போகச் சொல்லலாம், சமூக சேவை செய்ய வைக்கலாம். வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்று கேட்டால்கூட போலீஸ் அந்தப் பதிவை வெளியே சொல்லக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சித்தப்பாவுக்கு இதில் எதுவும் கிடையாது. எப்.ஐ.ஆர். அவர் பேரில் நிற்கும். பாஸ்போர்ட், அரசு வேலை என்று எதற்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும். ரோட்டோரக் கேமராவில் ஓட்டியவன் முகம் தெரிந்துவிட்டால் பொய் சொன்னதற்குத் தனி வழக்கு. அதாவது, சட்டம் காப்பாற்றுகிற ஆளை எடுத்துவிட்டு, காப்பாற்றாத ஆளை அந்த இடத்தில் உட்கார வைக்கிறீர்கள்.

உங்கள் பயம் பையனைப் பற்றி மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்களுக்குத் தெரியாமல் சாவியை எடுத்தான் என்றால் தப்பிக்க வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள். பையனுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று உங்களிடம் வசூலிக்க வரலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

அந்தக் கூட்டாளிகள் பற்றி. எனக்குத் தண்டையார்பேட்டையில் மெக்கானிக் கடை. சைலன்சர் மாத்தணும், நம்பர் பிளேட்டை மடக்கணும் என்று வருகிற பையன்கள் ஒருநாளும் தனியாக வருவதில்லை. நாலு பேராகத்தான் வருவார்கள். மூணு பேர் பேசுவான், வண்டிக்காரன் மட்டும் பெட்ரோல் டேங்கைத் தடவிக்கொண்டு நிற்பான். "கெத்தா இருக்கும்ணா" என்று சொல்கிறவனுக்கு வண்டியே இருக்காது! பத்துப் பதினைந்து நாளில் அதே பையன் தனியாக வருவான், மதிய நேரமாகப் பார்த்து. "அண்ணா, அந்தப் பழைய சைலன்சரைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்பான். அப்பா திட்டினார் என்பான். சில சமயம் அப்பாவுக்கு விஷயமே தெரியாது, அது எனக்கும் தெரியும். அந்த நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லத்தான் அவனால் முடியாது. அதனால் "அவனுங்களோட சேராதே" என்று கத்தினால் வேலைக்கு ஆகாது. "எங்கப்பா சாவியைத் தர மாட்டார்" என்று உங்களைக் காட்டித் தப்பித்துக்கொள்ளட்டும். கூட்டாளிகள் உங்களைக் கஞ்சன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடிக்காதீர்கள். ஸ்டான்லிக்குக் கூட்டிப் போங்கள். மீன்பாடி வண்டி மிதிக்கிறவருக்குக் கால்தான் பிழைப்பு. எத்தனை மாதம் வருமானம் போகும் என்பதை அவர் வீட்டம்மா வாயாலேயே அவன் கேட்கட்டும். பேசி சமாளிக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நில்லுங்கள். கையில் பணம் கொடுப்பதை மட்டும் வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வண்டி விஷயம் ஒன்று. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று தரும் வரை அதில் கை வைக்க வேண்டாம், வளைந்த ஹேண்டில்பாரைக்கூட நிமிர்த்த வேண்டாம். அதற்குள் ஒரிஜினல் சைலன்சரை மாட்டித் தர்றேன் என்று எங்கள் தொழிலிலேயே எவனாவது சொல்வான். கேட்காதீர்கள்.