தீக்கள்ளிக்கு நஞ்சு மட்டும் போதுமா?

கேள்வி: விஞ்ஞானக் கண்காட்சிக்காக எமது மாணவர்கள் ‘தீக்கள்ளி’ என்னும் கற்பனைப் பாலைவனத் தாவரமொன்றை உருவாக்கியுள்ளனர். வேரில் கசியும் நஞ்சினால் அது அயற்செடிகளையெல்லாம் கொன்றுவிடுமாம். நடுவர்கள் இதை ஏற்பார்களா?
– ஆசிரியை, வடமராட்சி

பதில்: நஞ்சை ஏற்பார்கள், ‘எல்லாம்’ என்பதில்தான் மடக்குவார்கள். பாலைவனத்தில் செடிகள் எட்ட எட்ட நிற்பதால் அங்கு போட்டி இல்லையென்று தோன்றலாம். ஆனால் வெறுமையாகத் தெரியும் அந்த இடைவெளியின் கீழே பெரும்பாலும் வேர்கள் பரவியிருக்கும். ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைகூடக் கிடைக்காத நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறோம். நமக்கு ஒரு நல்ல கார்த்திகை மாதமே அதைவிடக் கூடுதலாகப் பொழிந்துவிடும். அங்கு முதற் சண்டை தண்ணீருக்கே.

ஆகவே நஞ்சுக்கு முன்னர் வேரைத் தீர்மானியுங்கள். வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் 12 மீற்றர் வரை உயரும் சகுவாரோ கள்ளியின் வேர்களிற் பெரும்பகுதி சாண் ஆழத்துக்குள்ளேயே படர்ந்து, சிறு மழையையும் உறிஞ்சிக்கொள்கிறது. சீமைக் கருவேலின் உறவான மெஸ்கீற் மரத்தின் வேரோ அரிசோனாவில் 50 மீற்றருக்கும் ஆழத்தில் காணப்பட்டுள்ளது. இரண்டையும் ஒரே செடிக்குக் கொடுக்க மாணவர்கள் ஆசைப்படுவர். அத்தனை வேரை வளர்ப்பதற்கான உணவை அது எங்கே தேடும் என்று கேட்டுப்பாருங்கள்.

இனி நஞ்சு. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துக் கிரியோசோற் புதரின் வேர்கள் அயல் வேர்களின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1991இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தடுத்தனவேயன்றிக் கொல்லவில்லை, தன் இனத்து வேர்களையும் அவை விட்டுவைக்கவில்லை. தீக்கள்ளியின் கன்று தாய்க்கருகில் எப்படி முளைக்கும் என்ற கேள்வி இங்கேதான் எழும். நான் நடுவராயிருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

விடை உங்கள் ஊர் நாகதாளியிலேயே இருக்கிறது. நாவைச் சிவக்க வைக்கும் அதன் பழத்தைப் பறவைகள் தின்று, விதையைத் தொலைவிற் போடுகின்றன. முறிந்து விழுந்த தட்டொன்றும் கிடந்த இடத்திலேயே வேர்விடும். வேலியோரத்தில் ஒன்றின் அடிமண்ணைச் சிறு கரண்டியால் மெல்ல விலக்கிக் காட்டுங்கள்: வேர்கள் கீழிறங்காமல் மேல்மண்ணோடு பக்கவாட்டில் ஓடுவதை மாணவர்களே காண்பர். தடித்த கையுறை கட்டாயம். பெரிய முள்ளைவிட, கண்ணுக்கு எளிதில் தெரியாத பூமுள்ளே தோலில் ஏறி நாட்கணக்கில் உறுத்தும்.