கேள்வி நேரம்: வெயிலுக்கு எடை உண்டா?

கேள்வி: எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. சூரியன் நொடிக்கு 60 கோடி டன் எரிந்து போகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இப்படியே போனால் கரைந்து தீர்ந்துவிடாதா?
- வாசகி, காங்கேயம்

பதில்: 60 கோடி டன் என்பது சரிதாங்க, ஆனால் அது காணாமல் போவதில்லை. சூரியனின் நடுவில் நொடிக்கு அவ்வளவு ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது, மாறிய ஹீலியம் அங்கேயேதான் கிடக்கிறது. நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகும்போது எடையில் 0.7 சதவீதம் குறைகிறது; ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னபடி அந்தக் குறைந்த எடைதான் ஆற்றலாகி வெளிச்சமாக வெளியேறுகிறது. 60 கோடியில் 0.7 சதவீதம் என்றால் 42 லட்சம் டன். வெளிச்சமாக ஒவ்வொரு நொடியும் சூரியனை விட்டுப் போகும் எடை இதுதான். பல வீடியோக்களில் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள், கேட்கிறவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள்.

42 லட்சம் டன்னும் பெரிசுதானே என்பீர்கள். அது எல்லாத் திசையிலும் சிதறிப் போவது, அதில் பூமிக்கு வந்து சேருவது நொடிக்குச் சுமார் 2 கிலோ. உங்கள் களத்துக்கே வருவோம். உரித்து உடைத்து, வாய் மேலே பார்க்கப் பரப்பி வைத்த தேங்காய் நல்ல வெயிலில் சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்றுகொள்கிறது, அப்புறம் பருப்பை மட்டும் திரும்பக் காயப்போடுகிறீர்கள். ஒரு ஏக்கர் களத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை விழும் மொத்த வெயிலின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு மில்லிகிராம்கூட முழுசாக வரவில்லை! டன் கணக்கில் ஈரத்தை இழுக்கிற வெயிலுக்குச் சூரியன் செலவழித்தது ஒரு கல் உப்பின் எடைகூட இல்லை.

சூரியனின் எடை சுமார் 3,33,000 பூமிகளுக்குச் சமம். பிறந்து 460 கோடி ஆண்டுகளில் வெளிச்சமாகப் போனது 80, 90 பூமிகளின் எடை இருக்கும், ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதனால் கரைந்து தீராது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் நடுப்பகுதி ஹைட்ரஜன் தீர்ந்துபோகும், சூரியன் ஊதிப் பெருத்துச் சிவப்பு அரக்கனாகும், அப்போதுதான் வெளி அடுக்குகளை உதறி எடையில் ஏறக்குறைய பாதியை இழக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் ஆடி மாதம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். வெட்டவெளியில் காற்றே கிடையாதே, அப்புறம் சூரியக்காற்று என்கிறார்களே, அது என்ன?
- வாசகர், உடுமலை

பதில்: பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்களுக்கு வருகிற காற்று வேறு, இது வேறு. சூரியனின் வெளிப்புறம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிப்பதால் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் ஈர்ப்பை மீறி, நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே இருக்கின்றன. இந்த வழியிலும் நொடிக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் போகிறது.

1958இல் யூஜின் பார்க்கர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டு ஓர் ஆய்வு இதழுக்குக் கட்டுரை எழுதியபோது, மதிப்பிட்ட அறிஞர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இதழின் ஆசிரியர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் கணக்கில் தப்பு எதையும் காட்ட முடியாததால் அச்சிட்டார். தனக்கு ஒப்பாத ஒன்றுக்கு இடம் கொடுத்த அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. 1962இல் வெள்ளிக்குப் போன மரைனர் 2 விண்கலம் பார்க்கர் சொன்னது சரி என்று காட்டியது. 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இதே காற்றை அளந்து வருகிறது.

கேள்வி: சூரியனின் எடை குறைந்தால் பூமி விலகிப் போகுமா? வெயிலாவது குறையுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: விலகத்தான் செய்கிறது, ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். புதன் கோளைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலத்தின் தரவுகளை வைத்து, சூரியனின் பிடி தளர்வதை 2018இல் கணக்கிட்டும் காட்டினார்கள். ஆனால் 100 கோடி ஆண்டுகள் விலகினாலும் 15,000 கிலோமீட்டர்தான் ஆகும், நாம் இருப்பதோ 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. அதே காலத்தில் சூரியனின் பிரகாசம் சுமார் 10 சதவீதம் கூடிவிடும். வெயில் ஏறத்தான் போகிறதுங்க.