உப்புக்காற்றில் பழைய சினிமாத் தாள்கள்: கேள்வி-பதில்

இந்த முறை தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எல்லாமே கடலோரத்துக் கேள்விகள். பரணில் பழைய சினிமாப் பத்திரிகையோ பாட்டுப் புத்தகமோ கிடைத்து, என்ன செய்வதென்று புரியாமல் எழுதியிருக்கிறார்கள்.

தாத்தா இலங்கைக் கப்பலில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் 'பேசும் படம்', 'குண்டூசி' இதழ்கள் நிறைய இருக்கின்றன. ஸ்டேப்ளர் பின் எல்லாம் துரு, ஒரே பூஞ்சை வாடை. வெயிலில் காயப் போடலாமா? (ராமேஸ்வரம்)

வெயில் வேண்டவே வேண்டாம். அந்தக் காலப் பத்திரிகைத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. வெளிச்சமும் சூடும் பட்டால் இன்னும் வேகமாகப் பழுத்து, மடிப்பில் அப்பளமாக நொறுங்கும். நிழலான அறையில் லேசாக விரித்து வையுங்கள், போதும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பங்குனி, சித்திரை மத்தியானம்தான் இதற்கு ஏற்ற நேரம்.

துருவுக்குக் காரணம் மழை மட்டுமல்ல. காற்றிலுள்ள உப்பு தாளிலும் பின்னிலும் படிந்து, எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் வேலை பின்னைக் கழற்றுவது. நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெல்ல எடுங்கள். வர மறுத்தால் இழுக்காதீர்கள். துருப்பிடித்த கம்பி தானாகவே உடையும், துண்டு துண்டாக எடுத்துவிடலாம். பிறகு அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். புதுப் பின் அடித்தால் சில வருஷத்தில் இதே கதைதான்.

ராமபாணப் பூச்சி இருந்தால், நன்றாகக் காய்ந்த இதழ்களை இரட்டை பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம். (மீனுக்குப் பக்கத்திலா என்று வீட்டில் சண்டை வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.) வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடவேண்டும். இல்லையென்றால் தாள் வியர்த்துப்போகும். அப்புறம் பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையையும் வெளிச்சுவரையும் தொடாத அலமாரியில் வையுங்கள். துணியில் முடிந்த வசம்பும் நல்லதுதான்.

ஒரு விஷயம்: எந்த இதழிலாவது தனுஷ்கோடிக் கடை முத்திரையோ தபால் முத்திரையோ இருந்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊரே போய்விட்டது. எனக்கு அட்டையில் இருக்கும் நடிகையைவிட அந்த முத்திரைதான் பெரிது.

1950களின் ஸ்டூடியோ விளம்பரம் என்று சொல்லி ஒருவர் விற்கிறார். அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தேவிபட்டினம்)

முதலில் விலையைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1க்கு முன்னால் ரூபாய், அணா, பைசா. அதற்குப் பிறகு நயா பைசா, அதாவது 'ந.பை.' மாறிய புதிதில் சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே வரும். 1964 ஜூனில் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

அடுத்தது எழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கொம்பு வைத்து அச்சாகும். ணா, றா, னாவும் வேறு வடிவம். 1952 பட விளம்பரத்தில் இன்றைய 'லை' இருந்தால் கையிலிருக்கும் காசைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். பெரியாரின் பத்திரிகைகளில் மட்டும் 1935 முதலே புது எழுத்து உண்டு, அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

கடைசியாகத் தாளின் பின்புறத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்தும் துத்தநாக பிளாக்கும் அழுத்தி அச்சடித்ததில் லேசான மேடு தட்டும். கம்ப்யூட்டர் பிரிண்டில் தட்டாது. ஆனால் லித்தோ முறையில், அதாவது அழுத்தாமல் சமதளத்திலிருந்து அச்சடித்த வால்போஸ்டரிலும் மேடு இருக்காது, அதற்காக அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அப்புறம், 'பொம்மை' இதழே 1966ல்தான் தொடங்கியது. 1958 'பொம்மை' என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பின்னட்டை விளம்பரங்களை வெட்டி, லேமினேட் செய்து மாட்ட ஆசை. (கீழக்கரை)

வேண்டாம். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது, செலோடேப்பும் அப்படித்தான். வெட்டியதும் அது எந்த இதழ், எந்த மாதம் என்ற அடையாளம் போய்விடும். நல்ல ஸ்கேன் எடுத்து அதைப் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள்.

டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ்கள் ஒரு கட்டு கிடைத்தது. கலர் தாள், மோசமான அச்சு, படங்கூட இல்லை. வைத்திருக்கலாமா? (தொண்டி)

வைத்திருக்கலாமா என்றா கேட்கிறீர்கள்! இந்த மூட்டையில் வந்த கேள்விகளிலேயே எனக்குப் பொறாமை தந்தது இதுதான். சென்னையில் அச்சான பத்திரிகை தமிழ்நாடு முழுக்கப் போனது. இன்றும் தேடினால் எங்காவது ஒரு பிரதி கிடைக்கும். ஊரில் வண்டி கட்டி, தப்படித்து வீசிய நோட்டீஸ் அந்த வாரத்தோடு சரி. யாரும் சேர்த்து வைக்கவில்லை. எந்தக் கொட்டகையில், எந்தத் தேதியில், எத்தனை நாள், என்ன டிக்கெட் விலையில் படம் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி. பெரிய பத்திரிகை இந்த விவரத்தைச் சொல்லாது.

அடியில் விநியோகஸ்தர் பெயர் இருக்கிறதா பாருங்கள். சினிமா வியாபாரத்தில் நம் பக்கம் 'எம்.ஆர். ஏரியா', மதுரை-ராமநாதபுரம். ஒரு படத்தின் எம்.ஆர். உரிமை யாரிடம் இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு இந்த நோட்டீஸ் பொக்கிஷம். கூடவே பாட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் விடாதீர்கள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்களே, அதேதான். நோட்டீஸ்களை ஒட்டவோ துளையிடவோ வேண்டாம். நடுவில் வெள்ளைத் தாள் வைத்து அடுக்குங்கள், சாயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறாமல் இருக்கும்.

ஒரு போஸ்டரில் 'சிவகாசி, இராமநாதபுரம் ஜில்லா' என்று இருக்கிறது. தப்பாக அச்சடித்துவிட்டார்களா? (மண்டபம்)

இல்லை. 1985ல் பிரிக்கும்வரை சிவகாசி, விருதுநகர், சிவகங்கை, காரைக்குடி எல்லாம் ஒரே மாவட்டம்தான். போஸ்டர் அச்சுக்குப் பேர்போன சிவகாசியும் நம் ஜில்லா, 1948ல் சென்னைக்குப் போகும்வரை ஏவி.எம். ஸ்டூடியோ இருந்த காரைக்குடியும் நம் ஜில்லா. அச்சகப் பெயரும் ஊரும் போடவேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1867ஆம் வருஷத்துச் சட்டம். அதனால் அந்தப் பொடி எழுத்து வரிதான் போஸ்டரின் பிறப்புச் சான்றிதழ். ஃப்ரேம் போடும்போது அதைத்தான் முதலில் மறைத்துவிடுகிறார்கள்.

என்ன விலை போகும்? (ஏர்வாடி)

படம் அனுப்பாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா? இதழ்களை யாருக்காவது கொடுக்க நினைத்தால்? (பாம்பன்)

எழுதியவர் பெயரில்லாமல் வந்தவற்றுக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம். 1950களின் பெயரில்லாத துணுக்குகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கையெழுத்திட்ட கட்டுரை, கதை, ஓவியம் என்றால் அவர் இறந்த பிறகு 60 வருஷம், அங்கே நிதானம் தேவை.

கொடுப்பதானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அந்தச் சேகரிப்பே காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையாவின் வீட்டில் வளர்ந்தது. புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு இதழின் மாதம், வருஷம், விடுபட்ட பக்கங்களைக் குறித்துப் பட்டியல் போட்டுவிடுங்கள். எந்த வீட்டில், எந்த ஊரில் இருந்தது என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள்.