கேள்வி – பதில்: மூன்று அரசுகளும் விசுவாசப் புள்ளிகளும்

கேள்வி: கோயெய் நிறுவனத்தின் ‘ரொமான்ஸ் ஆஃப் த த்ரீ கிங்டம்ஸ்’ என்ற, சீனாவின் மூன்று அரசுகள் காலத்தைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டில், தளபதி குவான் யூவைச் சிறைப்பிடித்தாலும் என்னிடம் பணிபுரிய மறுத்துவிடுகிறார். வரலாற்றில் அவர் தம் தலைவர் லியூ பெய்யின் எதிரியான சாவ் சாவின் படையில் இருந்ததாகப் படித்தேன். எது சரி?

பதில்: அவர் சாவ் சாவிடம் இருந்தது உண்மைதான். கி.பி. 200இல் லியூ பெய் சாவ் சாவிடம் தோற்று, சாவ் சாவின் மற்றொரு எதிரியான யுவான் ஷாவிடம் அடைக்கலம் புக, குவான் யூ பிடிபட்டார். சாவ் சாவ் அவருக்குத் தளபதிப் பதவி தந்து பெருமதிப்போடு நடத்தினார். ஆயினும் அவர் நிலைத்திருக்க மாட்டார் என்று உணர்ந்து, அவர் மனத்தை அறிந்துவர ஜாங் லியாவை அனுப்பினார். லியூ பெய்யைவிட்டுப் பிரிய முடியாது என்றும், பெற்ற நன்மைக்கு ஈடுசெய்த பிறகே புறப்படுவதாகவும் குவான் யூ ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சொன்னபடியே பாய்மா போரில் யுவான் ஷாவின் தளபதி யான் லியாங்கை வீழ்த்திச் செஞ்சோற்றுக் கடனைத் தீர்த்தார். பரிசுப் பொருள்களையெல்லாம் முத்திரையிட்டு வைத்துவிட்டு, விடைபெறும் கடிதம் எழுதிச் சென்றார். துரத்த வேண்டாம் என்று சாவ் சாவே தடுத்தார். வழியில் ஐந்து காவல் வாயில்களைக் கடந்து ஆறு தளபதிகளைக் கொன்றார் என்பது விளையாட்டுக்குப் பெயர்தந்த பழைய சீனப் புதினம் சேர்த்த கற்பனை. ஆகவே விளையாட்டு காட்டும் மறுப்பு அவருடைய நெஞ்சுக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் இருந்துகொண்டே தம் தலைவருக்கு உண்மையாக இருக்க முடியும் என்ற அரிய செய்தி அதில் விடுபட்டுவிடுகிறது.

கேள்வி: தங்கம் கொடுத்தால் தளபதிகளின் விசுவாசப் புள்ளி ஏறுகிறது. நூறானபின் கவலையே இல்லை. விசுவாசத்தை உண்மையில் இப்படி அளக்க முடியுமா?

பதில்: இக்கேள்வியைப் படித்ததும் யூ ஜின்தான் என் நினைவுக்கு வந்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் சாவ் சாவுக்குப் பணிபுரிந்த, ஒழுங்குக்குப் பெயர்பெற்ற தளபதி அவர். அவருக்கு நூறு புள்ளி கொடுக்க யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள். 219இல், லியூ பெய்யிடம் திரும்பிவிட்ட குவான் யூ தாக்கிய ஃபான் நகரைக் காக்கச் சென்றபோது, பெருமழையில் ஹான் ஆறு பெருகி அவருடைய படைகள் மூழ்க, அவர் குவான் யூவிடம் சரணடைந்தார். அதே வெள்ளத்தில் சிக்கிய பாங் தெ, சாவ் சாவிடம் வந்து சில ஆண்டுகளே ஆனவர். முன்னாள் தலைவர் மா சாவ் எதிரணியான லியூ பெய்யிடம் இருந்ததால் உடனிருந்தவர்களின் சந்தேகத்துக்கும் ஆளானவர். அவரோ மண்டியிட மறுத்து உயிரைக் கொடுத்தார். முப்பது ஆண்டுகளாக அறிந்த யூ ஜின், ஆபத்து வேளையில் பாங் தெக்கு ஈடாகவில்லையே என்று சாவ் சாவ் வருந்தினார். பின்னாளில் யூ ஜின் நாடு திரும்பியபோது, சாவ் சாவின் மகன் சாவ் பி அவரைத் தம் தந்தையின் கல்லறைக்கு அனுப்பி, யூ ஜின் சரணடையும் காட்சியைத் தீட்டிய ஓவியத்தைக் காணச்செய்தார். வெட்கத்தால் நோயுற்று அவர் இறந்தார். நரைத்து வந்த ஒரு முதியவருக்கு இழைத்த அந்தக் கொடுமையை என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கத்தால் மட்டும் எல்லாம் நடப்பதில்லை என்பதை விளையாட்டை உருவாக்கியவர்களும் அறிந்தே இருக்கிறார்கள். இத்தொடரின் பல பதிப்புகளில், திரையில் தெரியும் புள்ளியோடு, தலைவருக்கும் தளபதிக்கும் இடையிலான மனப்பொருத்தமும் தளபதியின் இயல்பான கடமையுணர்வும் மறைவான அளவுகளாக இயங்குகின்றன. தம் தலைவர்களான டிங் யுவானையும் பிறகு 192இல் டோங் ஜுவோவையும் கொன்ற தளபதி லூ புவை எவ்வளவு பரிசளித்தும் நம்ப முடியாமற்போவது இதனால்தான். இருந்தும், பாங் தெயின் அந்தக் கடைசி நாளை முன்கூட்டிச் சொல்லும் எண் எதுவும் இல்லை.

கேள்வி: ஜாங் லியாவ் பல தலைவர்களிடம் இருந்தவர். அவரை ஏன் துரோகி என்பதில்லை?

பதில்: டிங் யுவான், டோங் ஜுவோ, லூ பு ஆகியோரிடம் இருந்தவர்தான், ஆனால் எவரையும் அவர் கொன்றுவிட்டு வரவில்லை, லூ பு வீழ்ந்த பிறகே சாவ் சாவிடம் சேர்ந்தார். 215இல் சாவ் சாவுக்காக ஹெஃபெய் நகரைக் காத்தபோது, அங்கே இருந்த சுமார் 7,000 வீரர்களிலிருந்து 800 பேரை இரவில் திரட்டி, விடிந்ததும் எதிரி மன்னர் சுன் சுவானின் பெரும்படைக்குள் தாமே முன்னின்று பாய்ந்தார்; வெளியேறிய பின், உள்ளே சிக்கியவர்கள் தங்களைக் கைவிடுவீர்களா என்று கூவியதைக் கேட்டு, மீண்டும் உள்ளே புகுந்து அவர்களை மீட்டுவந்தார்.