வீட்டுக்கு எந்த கிராண்ட் பியானோ வாங்கலாம்?

20க்கு 18 அடிக் கூடத்தில் வைக்க ஸ்டெயின்வே நிறுவனத்தின் 211 செ.மீ. நீளமுள்ள பி மாதிரி போதுமா, அரங்குகளில் உள்ள 274 செ.மீ. டி மாதிரியையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பி தாராளமாகப் போதும். குட்டையான கம்பியைத் தடிப்பாக்கி தாழ்ந்த ஒலியை எட்டவைக்கும்போது, அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் அதன் மேல்சுரங்கள் சுருதி விலகிக் கலங்கலாகக் கேட்கும் என்பதால்தான் 150 செ.மீ. பியானோக்களின் இடக்கோடிக் கட்டைகள் தெளிவின்றி முனகுகின்றன, 211 செ.மீட்டரில் அக்குறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. டி மாதிரியோ, தன் 480 கிலோ எடையைவிட ஒலியின் அளவால்தான் வீட்டில் தொல்லை தரும்.

1981இல் இத்தாலியில் தொடங்கிய ஃபாட்சியோலியைத் தெளிவுக்காகவும், 1828இல் வியன்னாவில் தொடங்கிய பியோசென்டார்ஃபரை இழைவான குரலுக்காகவும் விரும்புவோர் உண்டு. ஆனால் ஒரே மாதிரியில் அடுத்தடுத்துச் செய்த இரு கருவிகளே வேறுபடுமாகையால், வாசித்துப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்தினால், அடியைத் தொடுவதற்குச் சற்று முன் விரலில் சிறு தடை ஒன்று தட்டுப்பட்டு விலகும். கம்பியை அடிக்கும் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபடும் இடம் அது. அந்தத் தடை 88 கட்டைகளிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள் (கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி).

கம்பிகளின் அதிர்வை ஒலியாகப் பெருக்கும் ஒலிப்பலகை, ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் ஸ்ப்ரூஸ் மரம் என்பதால், அறையின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்க வேண்டாம்.