மதிலுக்கு வெளியே கேட்ட ஆட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அப்பா கடந்த தை மாதம் காலமானார். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். கோயிலுக்கு அடுத்தபடியாக அவருக்கு இருந்த பிடிப்பு காற்பந்து ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்பதாலோ என்னவோ, மூத்தவளான என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தேநீர்க் குவளைகளை மேசைமேல் நகர்த்தி ஆஃப்சைடு என்றால் என்னவென்று விளக்குவார். இன்றுவரை எங்கள் குடும்பத்துப் பெண்களில் அது புரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் ஓயாமல் சொன்ன கதை ஒன்று உண்டு. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி, மெர்டேக்கா விளையாட்டரங்கில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றின் முடிவாட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2–1 என்று வென்றதை நேரில் பார்த்த கதை. கோல்காவலர் ஆறுமுகம் எப்படித் தாவினார், ஹசான் சானி எப்படி ஓடினார் என்பதில் தொடங்கி, ஜேம்ஸ் வோங் கோலடித்தபோது "எனக்கு முன்னால நின்ன சீனப் பெரியவர் ஒருத்தர் செருப்பைக் கழற்றி வானத்துல எறிஞ்சார்" என்பது வரை ஒரு சொல் மாறாமல் சொல்வார். என் மகனுக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். என் மகன் ஆசையாக அவரிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "நாங்க எங்கப்பா உள்ள போனோம்? டிக்கெட் முடிஞ்சு போச்சு. மதில் ஓரமா நின்னு, யாரோ ஒருத்தர் கையில இருந்த ரேடியோவுலதான் கேட்டோம்" என்றார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எதற்கும் பொய் சொல்லாத மனிதர் இதை மட்டும் ஏன் நாற்பது வருடங்களுக்கு மேல் சொல்லிவந்தார்? என் மகன் அன்றிலிருந்து தாத்தாவின் பேச்சையே எடுப்பதில்லை. அவனிடம் நான் இனி எந்தக் கதையைச் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கிள்ளான்

*

அன்புள்ள சகோதரி,

தந்தையாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரை நீக்கிவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன்.

முதலில், அவர் சொன்னதில் எது எது சரி என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அதைச் செய்யாமல் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நாள் சரி, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் சரி. கோல் எண்ணிக்கை சரி. ஆட்டம் முடியும் தறுவாயில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பியதும் சரி. இருவரும் சபா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். ஹசான் சானிக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'லிப்பாஸ் குடோங்': கால் ஒடிந்த கரப்பான் என்று பொருள், ஓரிடத்தில் நில்லாமல் விர்ரென்று ஓடுபவனை மலாய் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். (இதைவிட அன்பான வசையை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.) பின்காவலில் சோ சின் அவுன், சந்தோக் சிங், கோல்முனையில், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடு முழுவதும் அழைத்த நம் ஆறுமுகம். ஆக, உங்கள் தந்தையின் கதையில் பிழை ஒன்றே ஒன்றுதான்: அவர் நின்ற இடம்.

அந்தப் பிழை எப்படி நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல, என் தாய்மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் இருந்தவர். ஆட்டம் உள்ள நாளில், வானொலிப் பெட்டியின் பேட்டரிகளைக் காலையிலேயே கழற்றித் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போவார்; இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். நேரம் நெருங்கியதும் பாயை விரித்து அதன்மேல் தீக்குச்சிகளை அடுக்குவார். தலை கருகிய பதினொரு குச்சிகள் எதிரணி. கருகாத பத்து நம் அணி. ஆறுமுகத்துக்குக் குச்சி கிடையாது. அவருக்காகத் தீப்பெட்டியின் உள்கூட்டை நெட்டுக்குத்தலாக நிறுத்துவார், ஒரு குச்சி அந்த மனிதருக்குப் போதாது என்பது மாமாவின் கட்சி. பந்து ஒரு புளியங்கொட்டை. மலாய் வர்ணனை வேகமெடுக்க எடுக்க மாமாவின் ஆள்காட்டி விரல் அந்தக் கொட்டையைக் குச்சிக்குக் குச்சி தள்ளிக்கொண்டே போகும். எதிரணி நம் பக்கம் வந்துவிட்டால் விரல் நடுங்கும். வர்ணனையாளர் ஆறுமுகத்தின் பெயரை மலாய் ஒலிப்பில் நீட்டிச் சொல்லும்போதெல்லாம், ஏதோ நம் வீட்டு ரேஷன் அட்டையைக் கூப்பிட்டுவிட்டதைப்போல மாமா நிமிர்ந்து உட்காருவார்.

பத்து வயதில் அந்தப் பாயின் ஓரத்தில் குந்தியிருந்த நான், மறுநாள் பள்ளியில் ஆட்டத்தைப் 'பார்த்தேன்' என்றுதான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஆட்டங்களை நினைத்தால் எனக்குத் தெரிவது தீக்குச்சிகள் அல்ல. பச்சைப் புல்லும், எப்படியோ, சட்டைகளின் நிறமும்கூடத் தெரிகின்றன.

மாமா விளையாட்டரங்குக்குள் போய் ஆறுமுகத்தைக் கண்டது ஒரே ஒரு முறைதான். மலிவான இடம் கோலுக்குப் பின்னால்தான் கிடைத்தது. திரும்பி வந்தவரிடம் ஆள் எப்படி என்று ஊரே கேட்டது. "மொகத்தை எங்கடா பார்த்தேன், முதுகைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அந்த முதுகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்: பந்து மறுபக்கத்தில் இருக்கும்போதும் குதிகால் தரையில் படாமல் நிற்பார், பின்காவலர்களைக் கூப்பிடும்போது கழுத்து நரம்பு புடைக்கும். 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துபோன செய்தி வந்த அன்று, மாமா பெட்டியிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மாமா காலமான பிறகு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சிலாங்கூர் அணி சிங்கப்பூரை மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் நொறுக்கியதை அவர் மிக விரிவாகச் சொல்வதுண்டு. சரிபார்க்கலாமே என்று நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். 1978 முதல் 1981 வரை நான்கு ஆண்டுகளும் இறுதியில் மோதியவை அந்த இரண்டு அணிகள்தான். ஆனால் நடுவில் 1980இல் சிங்கப்பூர் 2–1 என்று வென்றிருக்கிறது. மாமா 1979ஐயும் 1981ஐயும் ஒன்றாகத் தைத்து, 1980ஐத் தம் நாட்காட்டியிலிருந்தே கிழித்துவிட்டிருக்கிறார். பேராக்கில் பிறந்தவருக்குச் சிலாங்கூரின் தோல்வி ஏன் அவ்வளவு வலித்தது என்பதற்கும் விடை ஆறுமுகம்தான். அவர் ஆடிய அணி அது. நான் கண்டுபிடித்ததைப் பெருமையோடு எழுதி அச்சேற்றினேன். அத்தை எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது கேட்டது ஒரே கேள்வி: "செத்தவரைத் திருத்தி உனக்கு என்னப்பா கெடைச்சது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எழுதிய கணக்கிலும் பிழையில்லை. நான் செய்த தவறு வேறு. திருத்தத்தை எழுதிய நான் தீக்குச்சிகளை எழுதாமல் விட்டேன். தோல்வியை ஒளித்தவர் என்ற செய்தி மட்டும் வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. புளியங்கொட்டையைத் தள்ளும்போது நடுங்கிய விரல் போய்ச் சேரவில்லை. உங்கள் மகனுக்கு இப்போது நேர்ந்திருப்பதும் அதுவே என்று நினைக்கிறேன். அவனுக்குத் திருத்தம் மட்டும் கிடைத்திருக்கிறது.

உங்கள் தந்தை சொன்னது பொய்யே அல்ல என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். 'நேரில் பார்த்தேன்' என்றது பொய்தான். யார் சோற்றிலும் மண் போடாத சிறிய பொய். அது எப்படி வளர்ந்தது என்பதற்கு அந்த ஆண்டின் வரலாற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நமக்குரிய இடத்தில் ஈராக் ஆடியது. 1972இல் மியூனிக்கில் அமெரிக்காவை 3–0 என்று வென்ற நினைவோடு, இந்த முறை இன்னும் கொஞ்சம் போகலாம் என்று காத்திருந்த நாடு, வாசல்வரை வந்து திரும்பியது. அதற்குப் பின் இன்றுவரை நாம் ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. மாஸ்கோவில் நாம் ஆடியிருந்தால், உங்கள் தந்தைக்குச் சொல்ல வேறு ஆட்டங்கள் இருந்திருக்கும். வெற்றியோ தோல்வியோ, கதை நகர்ந்திருக்கும். அது நகராததால், அவருடைய தலைமுறை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பத் திரும்பப் போய் வந்தது. அப்படி நூறு முறை போய் வந்தவரிடம் நூற்றோராவது முறை யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

மகனிடம் எந்தக் கதையைச் சொல்வது என்று கேட்கிறீர்கள். நண்பர் சொன்னதைத்தான், முழுமையாக. மழுப்ப வேண்டாம், பிள்ளைகளுக்கு மழுப்பல் உடனே தெரிந்துவிடும். எந்த ஆட்டத்தையும் கைப்பேசியில் நினைத்த நேரத்தில் நிறுத்தியும் திருப்பியும் பார்க்கிற பையனுக்கு, அரங்கத்துக்குள் உட்கார்ந்து பார்த்த தாத்தா அப்படியொன்றும் அதிசயமல்ல. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர்வரை போய், டிக்கெட் கிடைக்காமல், வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லாமல், முன்பின் தெரியாத ஒருவரின் வானொலியை நாலைந்து பேராகச் சூழ்ந்துகொண்டு நின்ற ஆளை அவன் இதுவரை சந்தித்ததில்லை. அந்த இடத்தில் நின்றவர்களுக்கு ஆட்டம் இரண்டு வழிகளில் வந்திருக்கும் என்பதை அவனை யோசிக்கச் சொல்லுங்கள். மதிலுக்கு மேல் கூச்சல் எழுந்து, அதற்குப் பிறகே வர்ணனையாளர் பெயரைச் சொல்லி முடித்திருப்பார். கோல் விழுந்துவிட்டது, அடித்தது யாரென்று தெரியாது என்ற அந்த ஒரு கணம், உள்ளே காசு கொடுத்து உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் வாய்த்திருக்காது.

மெர்டேக்கா அரங்கம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் எழுந்துவிட்ட மெர்டேக்கா 118 கோபுரத்தின் காலடியில் பொம்மைபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பரை உடன் அழைத்துக்கொண்டு போய், அவர்கள் நின்ற இடத்தைப் பையனுக்குக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் வயதாகிறது, தள்ளிப்போட வேண்டாம்.

அங்கே அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஆறுமுகத்தின் தாவலும் ஹசான் சானியின் ஓட்டமும் வானொலியில் வந்திருக்கும், மறுநாள் நாளிதழிலும் வந்திருக்கும். செருப்பை எறிந்த சீனப் பெரியவரை எந்த வர்ணனையாளரும் சொல்லியிருக்க வழியில்லை. அதோடு, அவர் உட்கார்ந்திருந்ததாக உங்கள் தந்தை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'எனக்கு முன்னால நின்ன' என்றே சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் மதிலுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தாரா என்று கேளுங்கள். உங்கள் மகனையே கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. எறிந்த செருப்பு திரும்பக் கிடைத்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டு, எனக்கு எழுதுங்கள்.